பெல்ட்டுக்குத் தாடி முளைத்த கதை

ஊருக்கு வந்த நாலாவது நாள், ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புவதற்காக பீரோவைத் திறந்து பெல்ட்டை எடுத்தேன். பெல்ட்டுக்குத் தாடி முளைத்திருந்தது. சாம்பலும் பச்சையுமாக, ஊதினால் அசைகிற தாடி.

"பூசணம்ல. துடைச்சிட்டுப் போடு" என்றாள் அம்மா, தோசைக்கல்லிலிருந்து தலையைத் திருப்பாமலே.

செங்கோட்டையில் சாரல் காலம் என்றால் அப்படித்தான். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்குச் சாரல் ஒரு சுகம். இரண்டு நாள் நனைந்துவிட்டு, பிரானூர் பார்டரில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். (அது பார்டராக இருந்தது 1956 நவம்பர் 1 வரைக்கும்தான். அன்றைக்குத்தான் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லை மேற்கே நகர்ந்து போய் இத்தனை வருஷம் ஆகியும் பெயர் மட்டும் நகரவில்லை.) ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை இங்கேயே கிடக்கிறவனுக்குத்தான் தெரியும் கஷ்டம். உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். முறுக்கு ரப்பராகும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். கேரள எல்லையில் இருக்கிற புளியரை செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்தித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்றைக் கேட்பார் கிடையாது.

பெல்ட்டோடு விட்டிருக்கலாம். பீரோவை நகர்த்திப் பார்த்தேன், அதுதான் தப்பாகிப் போயிற்று. பின்னால் சுவரில், இடுப்பு உயரத்துக்கு மேலே, எள்ளை அள்ளி இறைத்த மாதிரி கரும்புள்ளிகள். கீழே தரையை ஒட்டிப் பல்பொடி கொட்டியதுபோல வெள்ளைத் தூள், உரிந்து தொங்கும் பெயின்ட். அம்மா உடனே தென்னந்துடைப்பத்தை எடுத்து வந்து வறட்டு வறட்டென்று தேய்த்தாள். சுவரில் இருந்த பூசணம் வீடு முழுக்கப் பறந்தது. ராத்திரி பூராவும் நாங்கள் மூன்று பேரும் முறை வைத்துத் தும்மினோம். ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், மூக்கில் ஒரு மாஸ்க் வேண்டும் என்பதெல்லாம் தும்மி முடித்த பிறகு படித்தது.

அப்பா சுவரை ஒரு தரம்தான் பார்த்தார். "அவன் பாத்ரூம் தண்ணி" என்றார்.

அவன் என்றால் பக்கத்து வீட்டு மாமா. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு முடுக்கு. 2014-இல் மாமா வீட்டு முருங்கையிலிருந்து கம்பளிப்பூச்சிகள் முடுக்கைத் தாண்டி எங்கள் படுக்கையறை ஜன்னல் வழியாகக் குடிவந்தன. ஒன்று அப்பாவின் பனியனுக்குள் போயிற்று. அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. மரம் எப்போதோ ஒரு காற்றில் முறிந்து விழுந்துவிட்டது. பகை மட்டும் நன்றாகக் காய்க்கிறது.

ஆதாரம் வேண்டும் என்றார் அப்பா. அதனால்தான் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். டார்ச் லைட் அளவில் ஒரு மஞ்சள் பெட்டி, மூக்கில் இரண்டு ஊசி. ஊசியைக் குத்தினால் எண் காட்டும். ஈரம் அதிகமானால் சிவப்பு விளக்கு எரிந்து கீச்சிடும். வந்த அன்றே நிலைக்கதவு, முறுக்கு, அம்மாவின் உள்ளங்கை, எதிர் வீட்டுப் பெரியம்மையின் உள்ளங்கை எல்லாவற்றையும் குத்திப் பார்த்தாயிற்று. கதவு பதினேழு. பெரியம்மைக்குச் சிவப்பு. "எனக்கு சுகர் இருக்குல்லா, அதான்" என்றாள் பெரியம்மை.

பீரோவுக்குப் பின்னால் அடிச்சுவரில் வைத்ததும் மீட்டர் அலறியது. அப்பாவின் முகத்தில் பத்து வருஷமாகக் காணாத ஒரு மலர்ச்சி.

செய்தி தெருவில் பரவியது. எல்லார் வீட்டிலும் ஏதோ ஒரு சுவர் அழுதுகொண்டிருக்கிற காலம் அது. காலையில் காபி குடிக்கும் முன்பே ஆள் வந்து நிற்கும். நானும் மீட்டரைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, கம்பவுண்டர் ஊசி போடப் போகிற தோரணையில் போய் வந்தேன். துபாயிலிருந்து வந்து வீடு கட்டிய அத்தானுக்கு, ஆவணி முகூர்த்தம் தப்பக்கூடாது என்று பூச்சு காயும் முன்பே பட்டி பார்த்து பெயின்ட் அடித்திருந்தார்கள். பூச்சு முடிந்து நாலு வாரமாவது ஆறப் போட்டிருக்க வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் வெளியே வர வழி தேடி, சுவர் முழுக்கப் பூரி பூரியாக உப்பியிருந்தது. அத்தான் ஒவ்வொரு பூரியாக விரலால் உடைத்துக்கொண்டே, டைல்ஸ் என்ன விலை என்பதை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்தது ரிட்டயர்டு வாத்தியார் வீடு. பட்டாசல் சுவரில் வைத்தால் சிவப்பு, கீச். அந்தச் சுவருக்குள் பைப் போகிறது என்று அவர் சொன்னார். "உள்ள பைப் உடைஞ்சிருக்கு சார்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. மறுநாள் பிளம்பரைக் கூட்டிவந்து ஒரு முழத்துக்குச் சுவரை உடைத்தார்கள். பைப் அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடந்தது.

வாத்தியார் திட்டவில்லை. "பரவால்ல தம்பி, இந்த பைப் எங்க போகுதுன்னு முப்பது வருஷமா ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஓட்டையை அடைக்கக் கொத்தனார் அண்ணாச்சி வந்தார். அறுபதைத் தாண்டியவர், காதில் பீடி. என் மீட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திண்ணையில் வைத்தார். சுவருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, விரல் கணுவால் டொக் டொக் என்று தட்டிக்கொண்டே போனார். பிறகு அந்த வெள்ளைத் தூளை நுனிவிரலால் தொட்டு, நாக்கில் வைத்தார்.

எனக்குக் குடல் புரண்டது. அவர் நிதானமாகச் சப்புக்கொட்டினார்.

"உப்பு. கரிக்கி பாருங்க தம்பி. நீங்களும் வேணா..."

வேண்டாம் அண்ணாச்சி என்றேன்.

பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் காற்றில் போய்விடும், அதில் கரைந்து வந்த உப்பு மட்டும் மேலே பூத்து நிற்கும். என் மீட்டரோ ஈரத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. இரண்டு ஊசிக்கும் நடுவே மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. உப்பு இருந்தால் மின்சாரம் குஷியாக ஓடும். கொஞ்சம் ஈரம் போதும், வெள்ளம் வந்ததுபோலக் கத்தும். மீட்டரோடு வந்த காகிதத்தை அன்று ராத்திரி லென்ஸ் வைத்துப் படித்தேன். அது மரத்துக்காக அளவு குறித்த கருவி, சுவரில் வைத்தால் இங்கே அதிகம் அங்கே குறைவு என்று ஒப்பிட மட்டும்தான் உதவும் என்று போட்டிருந்தது. பிரானூர் மர அறுவை மில்லுக்குக் கொண்டுபோயிருந்தால் கௌரவமாகப் பிழைத்திருக்கும்.

அப்பா இதற்கெல்லாம் அசரவில்லை. "கீழ உப்பு சரி. மேல கருப்பு? அது அவன் தண்ணிதான்."

அதைப் பார்க்கவும் அண்ணாச்சியையே கூட்டிவந்தேன். கடையில் சிக்கன் பொதிந்து தருகிற அலுமினியத் தாள் கொஞ்சம் கேட்டார். ஒரு முழத்துக்கு வெட்டி, கரும்புள்ளி இருந்த இடத்தில் வைத்து, நாலு ஓரத்தையும் டேப்பால் இறுக்கி ஒட்டினார். சுவருக்குள்ளிருந்து தண்ணீர் வந்தால் தாளின் உள்பக்கம் வேர்க்கும், அறைக் காற்றிலிருந்து வந்தால் வெளிப்பக்கம் வேர்க்கும். இரண்டு நாள் விடுங்கள் என்றார். அந்த இரண்டு ராத்திரியும் அப்பா டார்ச்சோடு எழுந்து போய்த் தாளைப் பார்த்துவிட்டு வந்தார். பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற மாதிரி ஒரு நடை.

மூன்றாம் நாள் காலை, தாளின் வெளிப்பக்கம் பொடிப்பொடியாக முத்து கோத்திருந்தது. பிரித்தால் உள்ளே காய்ந்த சுவர்.

"அப்போ அவன் தண்ணி இல்லியா?" அப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"இது உங்க வீட்டுத் தண்ணிதான் அண்ணாச்சி" என்ற கொத்தனார் மேலே கையைக் காட்டினார்.

அறையின் குறுக்கே மூன்று கொடி. அப்பாவின் நாலு வேட்டி, அம்மாவின் புடவைகள், என் ஜீன்ஸ், ஒரு ஜமுக்காளம். வெளியே சாரல் என்பதால் ஒரு மாதமாக எல்லாத் துணியும் படுக்கையறையில்தான் காய்ந்தது. எனக்கு வந்த ஆர்வத்தில், லக்கேஜ் எடை பார்க்கிற தராசை எடுத்து அடுத்த துவைப்பை ஈரமாகவும் காய்ந்த பிறகும் நிறுத்தேன். மூன்றரைக் கிலோ வித்தியாசம். மூன்றரை லிட்டர் தண்ணீரைக் குடத்தில் மொண்டு அறைக்குள் ஊற்றியது போலத்தான். வீட்டுக்குள் ஈரப்பதம் அறுபது சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்பார்கள். ஈரப்பதமும் சேர்த்துக் காட்டுகிற முந்நூறு ரூபாய்க் கடிகாரம் ஒன்று எங்கள் அறையில் தொண்ணூற்றொன்று காட்டியது. அவ்வளவு ஈரமும் பீரோவுக்குப் பின்னால், காற்றே போகாத சில்லென்ற சுவரில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது.

"பீரோவ ஒரு சாண் தள்ளிப் போடுங்க. வெயில் அடிக்கிறப்ப ஜன்னலத் திறங்க, சாரல் அடிச்சா சாத்துங்க" என்றபடி அண்ணாச்சி ஜன்னலை இழுத்தார். வரவில்லை. குனிந்து பார்த்தார். ஆறு ஆணி.

"இது யார் வேலை?"

யாரும் பதில் சொல்லவில்லை. அம்மா மட்டும் அப்பாவைப் பார்த்தாள்.

துருப்பிடித்த ஆணிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்தன. ஜன்னல் திறந்தது. முடுக்குக்கு அந்தப் பக்கம், இரண்டடி தூரத்தில், தன் ஜன்னலில் நின்று மாமா பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு எங்களைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். கொப்பளித்துத் துப்பிவிட்டு, என்னிடம் மட்டும் பேசினார்.

"மருமவனே, உங்கிட்ட ஏதோ மிஷின் இருக்காமே? எங்க வீட்டுச் சுவரும் ஒரே ஓதமா இருக்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

வருகிறேன் மாமா என்றேன். மீட்டரைத் தேடி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அப்பா பின்னாலேயே வந்து தோளைத் தொட்டார்.

"ஏல, மிஷின மட்டும் கொண்டு போ" என்றார் தாழ்ந்த குரலில். "கொத்தனாரக் கூட்டிட்டுப் போவாத."