1:64 காருக்குப் புதுப் பெயின்ட்: உரிப்பதிலிருந்து திருகு போடுவது வரை

நிஜக் காரின் மேல் அடிப்பூச்சான பிரைமர், கலர், நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் எல்லாம் சேர்ந்து சுமார் 100 மைக்ரான், அதாவது 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அதே 100 மைக்ரானை, நிஜக் காரில் 64-இல் ஒரு பங்கு, அதாவது 1:64 அளவுள்ள ஹாட் வீல்ஸ் பொம்மைக் காரின் பாடியில் ஏற்றினால், அந்தக் காரின் கணக்குக்கு அது 6.4 மில்லிமீட்டர். கதவு இடுக்கு அடைந்துபோகும், கிரில் மொழுக்கென்று ஆகும், பானெட் விளிம்பு சோப்பு கரைந்த மாதிரி உருண்டுவிடும். பழைய பெயின்டின் மேலேயே புதிதாக அடிக்கக் கூடாது, உலோகம் தெரியும்வரை உரிக்க வேண்டும் என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். கீழே வரும் வேலைகளில் பலவும் இந்தத் தடிமனைக் குறைப்பதற்காகத்தான்.

எதை உரிக்கலாம் என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். சாலையோரக் கடையில் கிடைத்த அடிபட்ட கார், ஒரே மாடலில் இரண்டாவதாக வாங்கிய புதுக் கார் எல்லாம் சரி. 1968 முதல் வந்த, டயரில் சிவப்புக் கோடு போட்ட பழைய ரெட்லைன் ஹாட் வீல்ஸ், லெஸ்னி கம்பெனி தயாரித்த காலத்து மேட்ச்பாக்ஸ் போன்றவற்றில் கொஞ்சமாவது ஒரிஜினல் பெயின்ட் இருந்தால் தொடாதீர்கள். அந்தப் பெயின்ட்தான் அதன் மதிப்பு. உரித்த பிறகு என்ன செய்தாலும் திரும்ப வராது. பழைய பொம்மைப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் வீட்டுப் பெயின்டுக்கே 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற ஈய வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய கார்களை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. தூசி பறக்காமல் ரசாயனத்தில் ஊறவைத்து எடுங்கள்.

பிரிக்கும்போது எல்லாரும் அவசரப்படுவது ரிவெட்டில். அடியில் காளான் தலை மாதிரி விரிந்திருக்கும் இரண்டு முளைகள்தான் சேசிஸை, அதாவது அடித்தட்டைப் பிடித்திருக்கின்றன. பெரிய டிரில் பிட்டை நேராக வைத்தால் வழுக்கி சேசிஸைக் கீறும். சென்டர் பஞ்சால் நடுவில் ஒரு குழி அடித்துக்கொள்ளுங்கள். 1.6 மில்லிமீட்டர் பிட்டால் 6 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நேராக ஓட்டை போடுங்கள். பிட்டில் 6 மில்லிமீட்டரில் செல்லோ டேப் துண்டு ஒட்டிக்கொண்டால் அளவு தவறாது. அதைத் தாண்டினால் கூரையில் பொத்துக்கொண்டு வந்துவிடும். பிறகு 4 மில்லிமீட்டர் பிட்டை அந்த ஓட்டையிலேயே வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். விரிந்த தலை மட்டும் வளையமாகக் கழன்று பிட்டோடு வரும், அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் இறங்கினால் முளையே குட்டையாகிவிடும், பிறகு சேசிஸ் ஆடும். பிளாஸ்டிக் சேசிஸாக இருந்தால் வேகத்தைக் குறைத்து, இரண்டு மூன்று வினாடிக்கு ஒருமுறை பிட்டை வெளியே எடுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் உருகி முளையைச் சுற்றிக் கெட்டியாகிவிடும்.

முதலில் போட்ட 1.6 ஓட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு. திரும்பச் சேர்க்கும்போது ரிவெட்டுக்குப் பதில் எம்2 (2 மில்லிமீட்டர்) திருகு போடப் போகிறோம். அதற்கு மரை வெட்டும் டேப் என்ற கருவிக்கு அந்த ஓட்டைதான் சரியான அளவு. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று வெட்டுங்கள். இந்த உலோகம் மெத்தென்று இருப்பதால் துருவல் டேப்பில் அப்பிக்கொள்ளும். அதை எடுக்காமல் முறுக்கினால் டேப் உள்ளேயே ஒடியும், ஒடிந்த டேப்பை எடுக்க வழியே கிடையாது. மரையைப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே வெட்டி முடித்துவிடுங்கள்.

கண்ணாடி, உள் இருக்கை, சக்கரம் எல்லாவற்றையும் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு மூடி, கை எட்டாத தூரத்தில் வையுங்கள். அசிட்டோன், தின்னர், பெயின்ட் ரிமூவர் மூன்றில் எது தெறித்தாலும் கண்ணாடிப் பிளாஸ்டிக் பால் நிறமாகிவிடும். மெருகேற்றி அதைச் சரி செய்ய முடியாது.

உரிப்பதற்கு எது என்பதில்தான் தவறான யோசனைகள் நிறைய உலவுகின்றன. இந்தக் கார்களின் பாடி ஜமாக் என்ற கலப்பு உலோகம். பெரும்பங்கு துத்தநாகம், கூடவே 4 சதவீதம் அளவுக்கு அலுமினியம், மிகக் கொஞ்சம் மக்னீசியம். துத்தநாகமும் அலுமினியமும் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பிளாஸ்டிக் கிட் கட்டுபவர்கள் காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பதைப் பார்த்து இங்கேயும் அதைச் செய்தால் ஹைட்ரஜன் குமிழி விட்டுக்கொண்டு பாடியே அரிக்கும், மேல்பரப்பு கறுத்துச் சொரசொரப்பாகும். வினிகர், எலுமிச்சை, பித்தளைப் பாத்திரம் துலக்கும் புளி எல்லாம் அதே ரகம்தான், வேண்டாம்.

ஆட்டோ பெயின்ட் கடையில் கிடைக்கும் ஜெல் போன்ற பெயின்ட் ரிமூவர்தான் வேகமானது. அதில் மெத்திலீன் குளோரைடு இருக்கிறதா என்று லேபிளைப் படித்துப் பாருங்கள். உடம்புக்குள் போனால் அது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அமெரிக்காவில் 2019-இல் அது கலந்த பெயின்ட் ரிமூவரை வீட்டு உபயோகத்துக்கு விற்பதற்கே தடை போட்டார்கள். மொட்டை மாடியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்யலாம். குளியலறையில், மூடிய பால்கனியில் கூடாது. தூசிக்கான என்95 முகக்கவசம் எந்த ஆவியையும் நிறுத்தாது. மெல்லிய கையுறையை மெத்திலீன் குளோரைடு சில நிமிடங்களிலேயே ஊடுருவும். கெட்டியான கையுறை போட்டுக்கொண்டாலும் பிரஷ்ஷின் காம்பு நீளமாக இருக்கட்டும், பாடியை இடுக்கியால் பிடியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

அளவு அதிகம் தேவையில்லை. ஒரு காருக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர் போதும். பழைய எவர்சில்வர் டம்ளர் அல்லது கண்ணாடி ஊறுகாய் பாட்டிலில் பாடியை வைத்து, தடிமனாக ஒரே திசையில் தடவி மூடுங்கள். 10 நிமிடத்தில் பெயின்ட் சுருங்கி எழும்பும். பழைய பல் பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, கிரில்லிலும் சக்கர வளைவிலும் ஒட்டியிருப்பதற்கு மட்டும் இரண்டாம் முறை தடவுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விடக் கூடாது, உலோகம் கறுத்துவிடும். எஃகுக் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். மென்மையான பித்தளை பிரஷ்ஷுக்குத்தான் இந்த உலோகம் தாங்கும்.

அசிட்டோன் இன்னொரு வழி. மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டிலில் பாடி மூழ்கும் அளவு ஊற்றி ஒரு ராத்திரி. விஷம் குறைவு, ஆனால் தொழிற்சாலையில் சூடேற்றி இறுக்கிய எனாமலை அது பல நேரம் முழுதாக எடுக்காது, மெத்தாக்கி மட்டும் விடும். அதன் ஆவி தரையோடு தவழ்ந்து போய்த் தீப்பிடிக்கும். அடுப்பும் பூஜை விளக்கும் இருக்கும் பக்கம் பாட்டிலைத் திறக்காதீர்கள். உரிந்த கழிவை எந்த வழியில் எடுத்தாலும் சிங்க்கில் ஊற்ற வேண்டாம். பழைய செய்தித்தாளில் கொட்டி வெளியில் உலரவிட்டு, அபாயகரமான வீட்டுக் குப்பையாகத் தனியே கொடுங்கள்.

உரித்த உடனே சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கடைசி அலசலை போர் தண்ணீரில் செய்யாதீர்கள். அதிலிருக்கும் உப்பு உலோகத்தின் மேல் தங்கி, பல வாரம் கழித்துப் பெயின்டுக்கு அடியில் கொப்புளமாகக் கிளம்பும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு தம்ளர் போதும். துடைத்து, ஹேர் டிரையரால் இடுக்குகளை உடனே உலர்த்துங்கள். ஈரம் நின்ற இடத்தில் துத்தநாகம் வெள்ளை மாவாகப் பூக்கும், அதன் மேல் எதுவும் ஒட்டாது.

இப்போது வார்ப்பின் குறைகள் தெரியும். அச்சு இரண்டும் சேர்ந்த இடத்துக் கோடு கூரையின் ஓரத்திலும் பம்பரிலும் ஓடும். ஊசி அரத்தால் அதை எடுத்து, 400, 600, 800 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். தொழிற்சாலை இதற்கு நேரம் செலவழிப்பதில்லை. கடைக் காருக்கும் வீட்டில் செய்த காருக்கும் கண்ணில் படும் வித்தியாசம் பாதி இந்தக் கோட்டில்தான் இருக்கிறது. அடைந்த கதவு இடுக்கைப் பழைய பிளேடின் முதுகால் இரண்டு முறை இழுத்து ஆழமாக்கிக்கொள்ளுங்கள்.

வார்ப்பு உலோகத்துக்குள் நுண்ணிய துளைகள் உண்டு. ரிமூவரும் தண்ணீரும் அதில் ஒளிந்துகொண்டு, பின்னால் வெயில் பட்டதும் பெயின்டை ஊசிமுனைக் குமிழியாகத் தள்ளும். சமையலுக்குப் பயன்படுத்தாத ஓடிஜி (சின்ன மின்சார அவன்) இருந்தால், பாடியை மட்டும் 80 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஆறியபின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். அதன் பிறகு வெறும் விரல் படக் கூடாது. தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய் விரலில் கொஞ்சம் இருந்தாலும், பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகி வட்ட வட்டமாகக் குழி விழும்.

பிரைமர், துடைத்த அதே நாளில் ஏற வேண்டும். வீட்டில் கேட்டுக்கு அடித்து மிச்சமிருக்கும் சிந்தெடிக் எனாமலை நேராகத் துத்தநாகத்தின் மேல் பூசினால் முதலில் நன்றாகத்தான் இருக்கும். அந்த எனாமலின் எண்ணெய் அமிலங்கள் துத்தநாகத்தோடு சேர்ந்து நாளடைவில் ஒருவகை சோப்பாக மாறிவிடும், பெயின்ட் தோல் தோலாக உரியும். துத்தநாகம் பூசிய தகரக் கூரையில் அடித்த எனாமல் கழல்வதும் இதே காரணத்தால்தான். அதனால் உலோகத்துக்கென்று உள்ள எட்ச் பிரைமர், எபாக்ஸி பிரைமர், அல்லது மாடல் கடையில் கிடைக்கும் மெட்டல் பிரைமர் முதலில், மற்றதெல்லாம் அதன் மேல்.

ஸ்ப்ரே கேனிலிருந்து நேராக 7 சென்டிமீட்டர் காருக்கு அடிப்பது முடியாத காரியம் இல்லை, ஆனால் அது கொட்டும் அளவு பெரிது. 20 சென்டிமீட்டர் தூரம், பாடிக்கு முன்னாலேயே தொடங்கி, தாண்டிப்போய் நிறுத்தி, மூன்று மெல்லிய பூச்சு. காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ் இருந்தால் 0.3 மில்லிமீட்டர் நாசில், 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம், 8 முதல் 10 சென்டிமீட்டர் தூரம், பெயின்ட் ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்றரைப் பங்கு. பால் மாதிரி பாட்டில் சுவரில் வழிந்து இறங்க வேண்டும். கலந்த பெயின்ட் முழுக் காருக்கும் 5 மில்லிலிட்டருக்கு மேல் போகாது. முதல் பூச்சைத் தூறல் மாதிரி விளிம்புகளுக்கு மட்டும் கொடுங்கள். ஈரமான பெயின்ட் கூரான விளிம்பை விட்டு எப்போதும் பின்வாங்கும், பின்னால் தேய்க்கும்போது முதலில் உலோகம் தெரிவது அங்கேதான்.

வானிலை விஷயத்தில் வெளிநாட்டு வீடியோக்களை அப்படியே பின்பற்றாதீர்கள். கேனை வெந்நீரில் வைக்கச் சொல்வார்கள். அது குளிர்நாட்டுக்கு. சென்னையில் மே மாதம் கேன் ஏற்கனவே சூடாகத்தான் இருக்கும். இன்னும் சூடாக்கினால் அழுத்தம் ஏறும், 50 டிகிரியைத் தாண்டவே கூடாது. தூசி அடங்க, ஷவரைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அடிக்கச் சொல்வார்கள். கடலோர ஊரில் அது பெயின்டைக் கெடுக்கும் வழி. லேக்கர் என்பது தின்னர் ஆவியாவதாலேயே உலரும் பெயின்ட். அந்தத் தின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது, பெயின்ட் வெள்ளையாகப் பூக்கிறது. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் என்றால் அன்றைக்கு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உரிப்பதையும் அரம் போடுவதையும் முடித்து வைத்துக்கொண்டு பெயின்டுக்குக் காத்திருக்கலாம். உரித்த பாடியை வெறுமனே வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் மூடுங்கள். கோடையில் உச்சி வெயிலும் ஆகாது. பெயின்ட் காற்றிலேயே உலர்ந்து மணலாகப் படியும். காலை ஈரம் விலகி வெயில் ஏறுவதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரம்தான் நம் ஊரில் நல்ல நேரம். பெயின்ட் வெள்ளையாகப் பூத்துப்போனால் பதறி உரிக்க வேண்டாம். ஈரமில்லாத நாளில், உலர்வதைத் தாமதமாக்கும் ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் லேசாகத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கலரில் இரண்டு விஷயம் முக்கியம். சாம்பல் பிரைமர் மேல் மஞ்சள் அடித்தால் பச்சை தட்டும். மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் அடியில் வெள்ளை, சிவப்புக்கு அடியில் இளஞ்சிவப்பு வைத்தால் பூச்சு எண்ணிக்கை பாதியாகும், தடிமனும் பாதியாகும். இன்னொன்று மெட்டாலிக். நிஜக் காரின் கீறலை மறைக்கும் டச்-அப் பெயின்டில் இருக்கும் 30 மைக்ரான் அலுமினியத் துகள் 1:64 கணக்குக்கு 2 மில்லிமீட்டர் ஜிகினா. பார்த்ததும் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். மாடல்களுக்கென்று செய்த நுண்துகள் சில்வரைக் கீழே அடித்து, மேலே ஒளி ஊடுருவும் கிளியர் கலர் கொடுப்பது இதைவிட மேல்.

கலருக்கு லேக்கர் என்றால் பூச்சுக்கு இடையில் 10 நிமிடம், மாஸ்கிங் டேப் ஒட்டுவதற்கு முன் ஒரு நாள். முழுதாக இறுகாத எனாமல் மேல் லேக்கர் அடித்தால் தின்னர் உள்ளே இறங்கிச் சுருக்கம் விழும், அதற்குப் பிறகு திரும்பவும் ரிமூவர்தான். மறுதிசை பரவாயில்லை. உலர்ந்த லேக்கர் மேல் எனாமலை டர்பன்டைனில் கரைத்துக் கதவு இடுக்கில் ஓடவிடலாம், மிச்சத்தைத் துணியால் துடைக்கலாம். கறுப்பு வேண்டாம், அடர் சாம்பல்தான் இயல்பாக இருக்கும். குரோம் பேனாவால் பம்பருக்குப் பூசுவதானால் கிளியருக்குப் பிறகு பூசுங்கள், கிளியர் மேலே பட்டால் அது வெறும் சாம்பலாக மங்கிவிடும். பளபளப்புக்காக ஹார்டனர் கலக்கும் டூ-கே கிளியரை வீட்டில் அடிக்க வேண்டாம். அதிலிருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழாயை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. லேக்கர் கிளியரை ஒரு வாரம் இறுகவிட்டு 3000 வாட்டர் பேப்பர், பிறகு பாலிஷ் என்று போனால் கிடைக்கும் மினுமினுப்பே போதும்.

சேர்க்கும்போது கண்ணாடியை ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி கண்ணாடி முழுக்க வெள்ளைப் பனியாகப் படியும். மர வேலைக்கான வெள்ளைப் பசை ஒரு துளி போதும், உலர்ந்தால் நிறமில்லாமல் ஆகும். 5 மில்லிமீட்டர் நீள எம்2 திருகு இரண்டு. திருகு இறுகத் தொடங்கியதும் கையை எடுங்கள், இந்த உலோகத்தில் மரை சீக்கிரம் தேயும். சேர்த்த காரை இரண்டு வாரத்துக்குப் பிளாஸ்டிக் உறையிலோ ஃபோம் மெத்தையிலோ வைக்காதீர்கள். மென்மையான பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை புதுப் பெயின்டில் தடம் பதிக்கும். சக்கரத்தின் மேல் நிற்கும்படி, திறந்த தட்டில் வையுங்கள்.