கணக்கில் ஏறாத விமானம்

நகரங்களின் பசுமைக்குடில் வாயு உமிழ்வைக் கணக்கெடுப்பது என் வேலை. கேட்கப் பெரிதாக இருக்கும். பெரும்பாலும் எக்செலோடு மல்லுக்கட்டுவதுதான். விற்ற மின்சாரம், எரிந்த பெட்ரோல், சேர்ந்த குப்பை எல்லாவற்றையும் டன்னாக்கிக் கூட்டி, மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு இவ்வளவு என்று ஒரு எண் வரும். கூட்டங்களில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

அதன்மேல் எனக்கு நம்பிக்கை போய் நாளாகிவிட்டது. மின் கணக்கைப் பகுதிவாரியாகப் பிரித்தாலே போதும். ஒற்றை மின்விசிறி ஓடும் வீடுகளும் அறைக்கொரு ஏசி ஓடும் வீடுகளும் ஒரே சராசரிக்குள் உட்கார்ந்திருக்கும். உலக அளவிலும் இதே கதைதான். வீட்டு நுகர்வால் வரும் உமிழ்வில் 34 முதல் 45 சதவீதம் வரை மேல்மட்ட 10 சதவீதக் குடும்பங்களுடையது என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2022-இல் வெளியிட்ட அறிக்கை. கீழ்ப்பாதி மொத்தமும் சேர்ந்தே 13 முதல் 15 சதவீதம்தான்.

மின்சாரமாவது மீட்டரில் தெரிகிறது. வாங்கும் துணியும் செல்பேசியும் தொழிற்சாலை இருக்கும் ஊரின் கணக்கில் விழுந்துவிடும். பெருநகரங்களின் காலநிலைக் கூட்டமைப்பான சி40, 79 நகரங்களை நுகர்வின் அடிப்படையில் கணக்கிட்டபோது, மொத்த உமிழ்வு வழக்கமான கணக்கைவிட 60 சதவீதம் கூடுதலாக வந்தது.

ஒருமுறை ஒரு நகரத்தின் உமிழ்வுக் குறைப்புச் செயல்திட்ட வரைவில் விமானப் பயணத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்த்திருந்தேன். நகரங்கள் பின்பற்றும் உமிழ்வுக் கணக்கு நெறிமுறையின் அடிப்படை நிலையில் வெளியூர் விமானப் பயணம் கட்டாயமில்லை. "தரவு இல்லையே, எடுத்துவிடலாம்" என்றார்கள் கூட்டத்தில். எடுத்தாயிற்று. அதற்கடுத்த வாக்கியம் பழைய இருசக்கர வாகனங்களை ஒழிப்பது. அதற்குத் தரவு தாராளமாக இருந்தது, தங்கிவிட்டது. எண்ண எளிதானவர்கள்மேல்தான் முதலில் கொள்கை பாய்கிறது.

பிரான்ஸில் 2018-இல் பெரும் செல்வந்தர்களின் சொத்து வரியைச் சுருக்கிய அரசு, அதே ஆண்டு எரிபொருள் வரியையும் ஏற்றியது. அதை எதிர்த்து மஞ்சள் அங்கி அணிந்த மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த உயர்வைக் கைவிட வேண்டியதாயிற்று. அதைச் சூழலியல் வெறுப்பு என்று சிலர் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. வேறு வழியும் இருந்தது: உமிழ்வுக்கேற்ப எரிபொருள்மேல் போடும் கார்பன் வரியோடு ஏழைக் குடும்பங்களுக்கு வரிச்சலுகைத் தொகையும் கொடுத்து, 2008-லேயே தொடங்கியது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா.

அப்புறம் என் வரைவுகளில் ஒவ்வொரு நடவடிக்கைக்குப் பக்கத்திலும் "செலவு யார் தலையில்?" என்று ஒரு கட்டம் போடுகிறேன். பல கூட்டங்களில் அது வெட்டுப்படுகிறது. சிலவற்றில், சரி, இருக்கட்டும் என்கிறார்கள்.