கருப்புச் சட்டைக்காரரும் சேர்வராயன் மலையும்

ஏற்காடு என்றால் ஏரி, பகோடா பாயின்ட், லேடீஸ் சீட் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது, நாகலூர் பக்கம் ஒரு பெரியவர் வீட்டு வாசலில். டிசம்பர் மாதம், காபி பறிக்கும் காலம். தார்ப்பாயில் பழத்தைப் பரப்பிக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். வழி கேட்கப் போனவனை உட்காரச் சொல்லிவிட்டார்.

போட்டிருந்தது கருப்புச் சட்டை. 1944இல் சேலம் மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. அந்தக் கூட்டத்தில் தன் அப்பாவும் இருந்தார் என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. "சாமின்னு ஒண்ணு கிடையாதுங்க தம்பி" என்றார். ஆனால் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவை ஒரு வருஷமும் விட்டதில்லையாம். குகைக்குள் குனிந்து போக வேண்டிய கோயில் அது. முட்டி வலியோடு மகன் கையைப் பிடித்துக்கொண்டு போகிறார். அது எப்படி ஐயா என்றேன்.

"அது சாமி இல்லீங்க, மலை. சோறு போட்ட மலையைக் கும்பிட்டா என்ன தப்பு?"

மலை சோறு போட்டதும் லேசான கதை இல்லை. இங்கே பாக்சைட் வெட்டிய நாட்களில் அவர் லாரிக்கு லோடு ஏற்றியவர். அந்தக் கூலியில்தான் வீடு கட்டினார், மகனைப் படிக்கவைத்தார். அதே வாயால், "மலையை உரிச்சுப் போட்டுட்டாங்க, பாவிங்க" என்றபோது குரல் தடுமாறியது. வேலை திரும்பத் தொடங்கினால் என்ன சொல்வீர்கள் என்றேன். மகன் இருக்கும் பக்கம் பார்த்தாரே தவிர, பதில் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அந்த இடத்தில்தான்.

அப்புறம் தோட்டத்தைக் காட்டினார். அரை ஏக்கர்தான். சில்வர் ஓக் என்றால் அவருக்கு ஆகாது: "எங்கிருந்தோ வந்த மரம், இதுல ஒரு குருவி கூடு கட்டுமா?" ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் என்பது உண்மைதான். ஆனால் அவர் தோட்டத்தில் நிழலுக்கு நின்றது முழுக்கச் சில்வர் ஓக். ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி. பட்டையைத் தட்டியபடி, "பெரியவ கல்யாணம் இந்த மரம் வித்துத்தானுங்க நடந்துச்சு. சின்னவளுக்கு அதோ, அந்த நாலு" என்றார். வெட்டிய அடிமரம் ஒன்றின் பக்கத்தில் பலா நட்டிருந்தார், முழங்கால் உயரம். சுற்றிலும் முள் வேலி.

டூரிஸ்ட்காரர்கள் பாட்டிலை வீசுவதைப் பற்றியும் திட்டினார். அதில் நானும் அவரும் ஒரே கட்சி.

கிளம்பும்போது, மே மாதம் வருகிறேன், கோயிலுக்குச் சேர்ந்தே போகலாம் என்றேன். "வாங்க" என்றார். கருப்புச் சட்டையிலேயா வருவீர்கள் என்று கேட்டேன்.

"பின்னே? எங்கிட்ட வேற சட்டை இல்லீங்க தம்பி."