முறத்தில் ஒதுக்கிய அரிசி

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து ரேஷன் அரிசியை முறத்தில் பரப்பி, மற்றதோடு ஒட்டாமல் கொஞ்சம் வேறு நிறத்தில் தெரிகிற மணிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாசலில் எறிந்துகொண்டிருந்தாள். "பிளாஸ்டிக் அரிசிடி, தண்ணியில போட்டா மிதக்குது." அது பிளாஸ்டிக் இல்லை, அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட், பி12 சேர்த்துப் பிசைந்து மறுபடியும் அரிசி மாதிரியே பிழிந்து எடுத்தது, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை. பக்கத்தில் இருந்த சித்திதான் சிரித்தாள். சித்தி கிராம சுகாதார செவிலியராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், எங்கள் ஊருக்கு இன்னும் நர்சம்மா. "எங்க அக்காவையே நம்ப வைக்க முடியல, இதுல ஊரை எங்க நம்ப வைக்கிறது" என்றாள்.

அன்றைக்குப் பேச்சு ஃபோலிக் ஆசிட் பக்கம் போய்விட்டது. அதன் கதையில் நம் ஊர் வருகிறது என்பது எனக்கே சமீபத்தில்தான் தெரியும். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி இருக்கிறதே, பழைய ஆட்கள் கோஷா ஆஸ்பத்திரி என்பார்கள், 1931இல் அங்கே லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் வேலை பார்த்தார். அதற்கு முன்பு பம்பாயிலும் குன்னூரிலும் ஆராய்ச்சி செய்தவர். பம்பாய் மில் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் வந்த கடுமையான ரத்தசோகை, ரொட்டியில் தடவிக்கொள்கிற மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட்டில் குணமாவதைக் கண்டவர். அதில் இருந்து குணமாக்கிய அந்த ஏதோ ஒன்றுதான் ஃபோலேட், ஃபோலிக் ஆசிட்டின் இயற்கை வடிவம். 1940களில் அமெரிக்காவில் லெடர்லே மருந்துக் கம்பெனியில் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் எல்லாப்ரகட சுப்பாராவ், நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர்.

ஆனால் இதெல்லாம் ரத்தசோகையோடு நின்றது. பிள்ளைகளின் பிறவிக் குறைபாட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் 1960களில்தான் இங்கிலாந்தில் எழுந்தது, உறுதியானது 1991இல். ஏற்கெனவே ஒரு முறை தண்டுவடம் மூடாத குழந்தையைக் கருவுற்றிருந்த 1,817 பெண்களை ஏழு நாடுகளில் சேர்த்து, சிலருக்கு ஃபோலிக் ஆசிட் கொடுத்தும் சிலருக்குக் கொடுக்காமலும் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மறுபடி அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

சரி, இதில் எங்கே சிக்கல் என்றால், நாளில். கருவில் முதலில் தட்டையான இலை மாதிரி இருக்கிற ஒரு பகுதி சுருண்டு ஓரத்தோடு ஓரம் சேர்ந்து குழாயாகிறது, அதுதான் பிறகு மூளையும் தண்டுவடமும். மேல்முனை மூடாவிட்டால் மண்டையோடு உருவாகாது, அந்தப் பிள்ளை பிழைக்காது. கீழே மூடாவிட்டால் முதுகில் திறந்த கட்டியோடு பிறக்கும், பல பிள்ளைகளுக்குக் கால் விளங்காது, சிறுநீர் அடங்காது, தலையில் நீர் கோத்துக்கொள்ளும். இந்த மூடுகிற வேலை முழுவதும் கரு உண்டான 28 நாளுக்குள் முடிந்துவிடுகிறது. அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பாதிப் பேர் அப்போது "வெயிலுக்குத் தள்ளியிருக்கும்" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் டெஸ்ட், மாமியாரிடம் சொல்வது, நல்ல நாள் பார்ப்பது, ஆஸ்பத்திரியில் பதிவது. 12 வாரத்துக்குள் பதிந்துவிட்டால் சீக்கிரம் வந்துவிட்டாய் என்று பாராட்டுவார்கள், மாத்திரையும் கொடுப்பார்கள். தாய்க்கு அது தேவைதான், ஆனால் குழாய் எப்போதோ மூடிவிட்டது, அல்லது மூடாமலே நின்றுவிட்டது.

சித்தியிடம் கேட்டேன், நீ பார்த்ததுண்டா என்று. ஒரே தெருவில் இரண்டு, அடுத்தடுத்த வருடம், என்றாள். இரண்டும் தலை உருவாகாமல் இறந்தே பிறந்தவை. "பதிவேட்டுல என்னன்னு எழுதுன?" என்றேன். "இறந்து பிறந்ததுன்னு எழுதுனேன். என்ன குறைன்னு எழுத அதுல கட்டம் எங்கடி இருந்துச்சு?" ஆக, தஞ்சாவூர்ப் பக்கத்துத் தெருவொன்றில் அடுத்தடுத்த வருடம் இப்படி நடந்தது என்பது சித்தியின் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஊர் தன் பங்குக்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. அந்த அம்மாக்களில் ஒருத்தி கிரகணத்தன்று அரிவாள்மனையில் காய் நறுக்கினாளாம். கடைசி வரை அவள் தலையில்தான் பழி.

கட்டம் என்பது சின்ன விஷயம் இல்லை. 1957இல் ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மாத்திரை கடைக்கு வந்தது, மசக்கைக்கும் சாப்பிட்டார்கள். கை கால் வளராமல் பிறந்த பிள்ளைகளை அங்கங்கே டாக்டர்கள் பார்த்தார்கள், ஆனால் ஒரே இடத்தில் யாரும் எண்ணவில்லை. 1961 நவம்பரில் திரும்பப் பெறுவதற்குள் உலகம் முழுக்க 10,000 பிள்ளைகளுக்கு மேல். அந்த அடி வாங்கிய பிறகுதான் நாடு நாடாகப் பதிவேடுகள் ஆரம்பித்தன. அமெரிக்காவின் அட்லாண்டாவில் 1967இல். சென்னையில் இருந்தும் 2001இல் இந்தியாவுக்கான ஒரு பதிவேடு ஆரம்பித்தார்கள், மருத்துவமனைகள் தாமாக விவரம் அனுப்புகிற ஏற்பாடு. 2013இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறவிக் குறைகள் ஒன்பதைத் தேடச் சொல்லியிருக்கிறார்கள், முதுகுத்தண்டு, உதட்டுப் பிளவு, வளைபாதம், இதயக் கோளாறு எல்லாம் அதில் உண்டு. நல்ல திட்டம். ஆனால் அது உயிரோடு இருக்கிற பிள்ளையைத் தேடுகிறது. இறந்து பிறந்ததும், ஸ்கேனில் தெரிந்து கலைத்ததும் அதில் எங்கே வரும்?

ரேஷன் அரிசிக்கு வருகிறேன். ஒரு கிலோவில் 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். அமெரிக்காவில் 1998இலிருந்து மாவில் கட்டாயமாகக் கலக்கிறார்கள், அங்கே கிலோவுக்கு 1,400. கருவுறக்கூடிய பெண்ணுக்குத் தினம் 400 வேண்டும் என்கிறார்கள், ஆக மூன்று வேளையும் இந்த அரிசியையே சாப்பிட்டாலும் பத்தில் ஒரு பங்கு தேறினால் பெரிது. (இதை அம்மாவிடம் சொல்லவில்லை, ஒரேயடியாகப் பொறுக்கி எறிந்துவிடுவாள்.) ஆக மாத்திரைதான், அதுவும் கரு உண்டாவதற்கு முன்பே. விலை ஒன்றுமில்லை. கடையில் பெரும்பாலும் 5 மில்லிகிராம்தான் கிடைக்கும், முன்பு இப்படி ஒரு குழந்தை ஆனவர்கள் மாதிரி ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்குத்தான் அந்த மாதிரிப் பெரிய டோஸ், மற்றவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வலிப்புக்கு வால்புரோயேட் என்ற மருந்து சாப்பிடுகிறவர்கள், அது இந்தக் குறை வரும் வாய்ப்பைக் கூட்டுவதால், கருத்தரிக்கிற யோசனை வந்தவுடனே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், தானாக நிறுத்தவும் கூடாது. ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டால் எந்தக் குறையும் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டவுன் சிண்ட்ரோமைத் தடுக்காது, தண்டுவடக் குறையையும் முழுக்கத் தடுக்காது.

என் தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று சித்தி அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு அட்டை மாத்திரையைக் கையில் திணித்தாள். பெரியம்மா பார்த்துவிட்டாள். கருத்தடை மாத்திரை என்று நினைத்து, "தாலி ஏறல, அதுக்குள்ள வேண்டாங்கிறியா?" என்று அப்படி ஒரு சத்தம். சித்தி நிதானமாக, "வேணுங்கிறதுக்குத்தான் அக்கா குடுக்கிறேன்" என்றாள். பெரியம்மாவுக்கு இன்று வரை விளங்கவில்லை.