பனிக்குக் காத்திருக்கும் அவரைக்கொடி

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

காலையில் சித்திரை மாதிரி வெயில். நான்கு மணிக்கு மேல் மேற்கே மின்னல் மட்டும் வெட்டியது, இடிச்சத்தம் இல்லை. துணி எடுக்க மாடிக்குப் போனபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று எங்கள் முருங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கழிக்காம வச்சிருக்கியேம்மா. ஐப்பசி பொறக்கப்போவுது. காத்து அடிச்சா உன் ஓட்டு மேலதான் உக்காரும்."

முருங்கைக் கட்டை மெத்தென்றிருக்கும், கொஞ்சம் காற்றுக்கே முறியும். 2011 டிசம்பர் 30, தானே புயல் அன்று பெரியம்மா வீட்டு முருங்கை அடியோடு சாய்ந்து கிணற்றுச் சுவரை உடைத்தது. அதை இன்றைக்கும் நேற்று நடந்தது போலச் சொல்வார். உடனே அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினோம். இவர் ஏணியில், நான் கீழே. ஆள் உயரத்துக்கு மேல் இருந்த கிளைகளை எல்லாம் வெட்டிவிட்டோம். மறுபடி நட, நல்ல போத்தாக மூன்றை ஒதுக்கி வைத்தேன். கீரையைத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தும் மீதி இருக்கிறது. நாளைக்கு அடை.

அவரைக்கொடி பந்தலின் பாதியைத் தொட்டுவிட்டது. ஆடிப்பெருக்கு அன்று ஊன்றியது. மாமியார் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதையின் வழி இது. காய் பச்சையாக இருக்கும், விளிம்பு மட்டும் ஊதா. பெரிய மார்க்கெட்டில் தேடினாலும் இந்தக் காய் கிடைப்பதில்லை. போன வருஷ விதையில் வண்டு விழுந்துவிட்டது. புட்டியைக் கவிழ்த்துப் பொறுக்கியதில் தேறியவை ஐந்தே விதை. ஒரு குழியில் மூன்று, கொய்யா பக்கத்துக் குழியில் இரண்டு. ஐந்தும் முளைத்தன. புட்டி காலி.

அக்டோபர் 15, செவ்வாய்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை மையம் இன்று அறிவித்தது. சென்னையில் கொட்டுகிறது என்று டிவியில் ஓடுகிறது.

மாடியில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. கறிவேப்பிலைச் சருகும் தென்னை நார்த் துணுக்கும் சேர்ந்து குழாய் வாயை அடைத்திருந்தன. கையை விட்டு இழுத்ததும் சுழித்துக்கொண்டு இறங்கியது. நனைந்த தொட்டி ஒவ்வொன்றும் என்ன கனம்! எல்லாவற்றையும் சுவரோரம், தூண் இருக்கும் பக்கமாக நகர்த்தி வைத்தேன். அடியில் இரண்டு செங்கல் கொடுத்தேன், ஓட்டை அடைபடாமல் இருக்க. தட்டில் தேங்கிய தண்ணீரையும் கவிழ்த்துவிட்டேன், கொசு முட்டையிட ஒரு தட்டே போதும்.

இட்லி மாவு பொங்கவில்லை. துவரம்பருப்பை வறுத்து டப்பாவில் போட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

தீபாவளிக்குப் பிறகு எழுதவே இல்லை. விருந்தினர், பலகாரம், அப்புறம் எனக்கு ஒரு வாரம் சளி.

மூடாக்கு வானம், காற்றே இல்லை. இந்த வானத்துக்குத்தான் அசுவினிப் பூச்சி காத்திருக்கும். அவரை நுனிக்குருத்து முழுக்கக் கறுப்பாக அப்பியிருந்தது. எறும்பு வரிசை ஏறினாலே புரிந்துகொள்ள வேண்டும், அசுவினி சுரக்கும் இனிப்புக்காக அவை அதற்குக் காவல் நிற்கும். மிகவும் மோசமான நுனிகளைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டேன். மற்றவற்றுக்கு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு சொட்டு சோப்பு, சாயங்காலம் தெளிப்பு. பெரியம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. விடியலில் இலை ஈரமாக இருக்கும்போது சல்லடையில் சாம்பல் தூவச் சொல்வார். நாளை அதையும் செய்வேன்.

மதுரைத் தோழி போனில் பேசினாள். அவள் வைத்தது குத்து அவரை. இரண்டே மாதத்தில் காய்க்கத் தொடங்கிவிட்டதாம். "உன்னுது இன்னுமா பூக்கல?" என்று கேட்டாள். பந்தல் அவரை அப்படித்தான். பகல் குறுகி, இரவு நீண்டு, பனி இறங்கினால்தான் அதற்குப் பூக்கும் எண்ணமே வரும். ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும் அது பார்ப்பது மார்கழியைத்தான்.

நவம்பர் 29, வெள்ளி

மூன்று நாளாக இதே பேச்சு. புயலாகும் என்றார்கள், ஆகாது என்றார்கள். இன்று மத்தியானம் ஆகிவிட்டது. பெயர் ஃபெஞ்சல், சவூதி அரேபியா கொடுத்ததாம்.

காலையிலிருந்து செய்தது: மொந்தன் வாழைக்கு இரண்டு சவுக்குக் கழி முட்டு. மாடித் தொட்டிகளில் சின்னதெல்லாம் படிக்கட்டுக்கு அடியில். பந்தல் கயிற்றை மறுபடி முடிச்சுப் போட்டோம். குடத்தில், அண்டாவில், வாளியில் தண்ணீர். மிக்சியில் அரைக்க வேண்டியதெல்லாம் அரைத்தாயிற்று. டார்ச், மெழுகுவத்தி, கொசுவத்தி ஒரே கூடையில்.

"தானே மாதிரி வருமா பெரியம்மா?"

"அப்ப கடல் சத்தம் வேற மாதிரி இருந்துச்சு. இது மொணமொணன்னு இருக்கு. எனக்கென்னவோ இது காத்து இல்ல, தண்ணின்னு தோணுது."

நவம்பர் 30, சனி, இரவு

மின்சாரம் இல்லை, மெழுகுவத்தியில் எழுதுகிறேன். இடைவெளியே இல்லாத மழை. கொண்டல் காற்று ஜன்னல் இடுக்கில் ஊளையிடுகிறது. முட்டுக் கொடுத்த வாழை சாய்ந்த சத்தம் ஒன்பது மணிக்குக் கேட்டது. போய்ப் பார்க்க முடியாது.

டிசம்பர் 1, ஞாயிறு

பெரியம்மா சொன்னதுதான். கரை கடந்த பிறகும் புயல் நகராமல் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. விடிந்த பிறகும் விடவில்லை. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல், மயிலத்தில் 51 என்று ரேடியோவில் சொன்னார்கள். தாழ்வான நகர்களில் வீட்டுக்குள் தண்ணீர். படகு விட்டு ஆட்களை இறக்குகிறார்கள். எங்கள் தெரு கொஞ்சம் மேடு, வாசல்படியோடு நின்றது. கொல்லை மட்டும் முழங்கால் ஆழம்.

பந்தல் நிற்கிறது. கொடியும் பச்சையாகவே இருக்கிறது. தண்ணீருக்குள் நிற்கும் வேரைத்தான் பார்க்க முடியவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

சாத்தனூர் அணையைத் திறந்ததில் தென்பெண்ணை கரை மீறி ஓடுகிறது. பாகூர் பக்கம் என் தம்பி மனைவியின் தாய்வீடு. பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள். மாடு இரண்டும் பத்திரம். வைக்கோல் போயிற்று, நெல் போயிற்று. நான் என் ஐந்து கொடிக்காகத் தூங்காமல் கிடந்ததை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

சாய்ந்த வாழையில் குலை முற்றவில்லை. ஆனாலும் வெட்டினோம். காயைச் சீப்புச் சீப்பாகப் பிரித்துத் தெருவுக்குக் கொடுத்தேன். தண்டு இரண்டு நாளைக்குக் கூட்டு. கரண்ட் இல்லாத வீடுகளில் எல்லாம் இன்று வாழைக்காய்தான்.

இவர் கடப்பாரையால் மதிலோரம் ஒரு வாய்க்கால் கீறினார். மத்தியானத்துக்குள் கொல்லைத் தண்ணீர் தெருவுக்கு இறங்கிவிட்டது. இந்த வாய்க்காலை 29ஆம் தேதியே வெட்டியிருக்க வேண்டும். கழிக்கும் கயிற்றுக்கும் ஓடிய நாங்கள் தண்ணீர் வெளியே போகும் வழியைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

மழை விட்டு நல்ல வெயில். வெயில் வந்த பிறகுதான் கொடி வாடுகிறது.

பார்க்கிறவர்களுக்கு இது விளங்காது. மண் சேறாக இருக்கிறது, செடி தண்ணீர் இல்லாதது போலத் துவள்கிறது. தேங்கிய தண்ணீர் மண்ணிலிருந்த காற்றை வெளியேற்றிவிடும். மூச்சு இல்லாமல் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. மேகம் மூடியிருந்த வரை இலைக்குத் தேவை குறைவு, தாக்குப்பிடித்தது. வெயில் கேட்டபோது கொடுக்க வேர் இல்லை.

உரம் போடலாமா என்று மதுரைத் தோழியைக் கேட்டேன். "கிட்டவே போவாத. இலை மஞ்சளாத்தான் போகும். புது வேர் விடுற வரைக்கும் விட்டுடு" என்றாள். சேற்றில் காலை வைத்து மிதித்தால் மண் இன்னும் இறுகிவிடும் என்று பலகை போட்டு அதன் மேல் நின்றேன்.

வீட்டில் எதைத் தொட்டாலும் ஈரம். துணிமணிகளைக் கூடத்தில் கயிறு கட்டிப் போட்டு சாம்பிராணி காட்டினேன். உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டிருந்தது. அரிசியை மொறத்தில் பரப்பி வாசலில் வைத்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

மூன்று கொடி இருந்த குழி முழுவதும் போயிற்று. இழுத்ததும் கையோடு வந்தது. வேர் பழுப்பாக, தோல் உரிந்து, சாக்கடை வாடை. அந்த இடம்தான் கொல்லையிலேயே பள்ளம். எட்டு வருஷமாக அங்கேதான் பந்தல், இதுவரை ஒன்றும் ஆனதில்லை.

கொய்யா பக்கம் இரண்டில் ஒன்று கருகிவிட்டது. மிச்சம் ஒன்று. அடி இலை எல்லாம் உதிர்ந்து, நுனியில் மட்டும் ஒரு முழம் பச்சை.

மேல்மண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. களைக்கொத்தால் மேலாக மட்டும் கீறிக் காற்று விட்டேன். காய்ந்த மண்ணில் மக்கிய தொழுவுரம் ஒரு கை கலந்து தண்டைச் சுற்றி அணைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. இன்றைக்கு வேறெதுவும் எழுதவும் தோன்றவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். நேற்றிலிருந்து மறுபடி மழை. அகல் விளக்கை வாசலில் வைக்க முடியாமல் திண்ணையில் வரிசையாக வைத்தோம். பொரி உருண்டை பிசுபிசுத்துப் போயிற்று.

இந்த முறை வாய்க்கால் இருக்கிறது. குடையோடு போய்ப் பார்த்தேன், கொய்யா அடியில் தண்ணீர் நிற்கவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி ஒன்று. ஐந்து மணிக்கு வாசல் தெளித்தேன். பூசணிப்பூ எங்கள் கொல்லையில் இல்லை. பெரியம்மா வீட்டு மாடியில் தொட்டியில் விட்ட கொடி ஒன்று தப்பியிருக்கிறது. கோலத்துக்கு ஒரு பூ எடுத்து மதில் மேல் வைத்திருந்தார்.

புல்லில் பனி. கொடியில் புதுத் துளிர் இரண்டு, கணுவிலிருந்து. நல்ல கரும்பச்சை.

ஒதுக்கி வைத்த முருங்கைப் போத்தில் ஒன்று அழுகிவிட்டது, இரண்டு துளிர்த்திருக்கிறது. ஆனால் தாய்மரத் தண்டில் கம்பளிப்பூச்சி கூட்டமாக அப்பியிருக்கிறது. நீளக் கழியில் துணி சுற்றிப் பந்தம் பிடித்தோம். குழந்தைகளைக் கிட்டே விடவில்லை, மேலே பட்டால் தடித்துவிடும்.

டிசம்பர் 27, வெள்ளி

பூ!

ஒரே ஒரு கொத்து. ஊதாவும் வெள்ளையும். காலை பத்து மணிக்குள் ஒரு கருவண்டு வந்துவிட்டது. மதுரைத் தோழிக்குப் படம் அனுப்பினேன். பெரியம்மாவுக்குப் படம் போதாது. முழங்கால் வலியோடு சுற்றிக்கொண்டு எங்கள் கேட் வழியாக வந்து, குனிந்து, கொத்தைத் தொடாமல் பார்த்தார். "உங்க அத்தை இருந்தா இந்நேரம் ஊரைக் கூட்டியிருப்பா" என்றார்.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

கொத்து பதினொன்றாகிவிட்டது. முதல் கொத்தில் பிஞ்சு.

இந்த வருஷம் ஒரு காய்கூடப் பறிப்பதில்லை, எல்லாம் விதைக்கு என்று நான் தீர்மானித்திருந்தேன். பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. மதிலின் இரண்டு பக்கமும் நின்று அரைமணி நேரம் இதே வாதம்.

"மொத காயைக் கொடியிலேயே முத்த விட்டா அது வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கும். அப்புறம் பூக்காது. மொத பறிப்பைச் சாப்பிடு. நடுவுல வர்ற காயை விடு. அதுதான் தெறமான விதை."

"ஒரே கொடி பெரியம்மா. நடுவுல ஏதாவது ஆயிட்டா?"

"ஆவாதுன்னு நான் சொல்லலையே. ஆனா பயந்துகிட்டு மொத காயை முடிஞ்சு வச்சா, நாலு காயோட நின்னுடும்."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விதை முற்றத் தொடங்கினால் செடி தன் சத்தையெல்லாம் அதற்கே கொடுக்கும், பூ குறையும். வெண்டைக்கு நானே பிறருக்குச் சொல்கிற புத்தி இது. என் கொடி என்றதும் கை வரவில்லை.

ஜனவரி 13, திங்கள்

போகி. பழைய பாய், உடைந்த முறம் எல்லாம் வெளியேற்றியாயிற்று. எரிக்கவில்லை. மக்குவதை மட்டும் குப்பைக்குழியில் போட்டேன். வெள்ளை அடிக்க இந்த வருஷம் முடியவில்லை, சுவர் ஈரம் இன்னும் காயவில்லை.

மார்க்கெட்டில் நாளைய குழம்புக்கு வள்ளி, சேனை, பூசணி, வாழைக்காய், மொச்சை, கத்தரி வாங்கினேன். அவரைக்கடை முன்னால் நின்றேன், வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பதினான்கு காய் பறித்தேன். நகத்தால் கிள்ளாமல் கத்தரிக்கோலால், காம்போடு. ஏழு பெரியம்மா வீட்டுக்கு, ஏழு எங்கள் குழம்புக்கு. பந்தலின் நடுவில் இருக்கும் மூன்று கொத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். நாளைக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்கள். அந்த நூலைத் தொடக்கூடாது என்று உள்ளே நுழையும்போதே சொல்ல வேண்டும்.