"அவனே ஒத்துக்கிட்டானே!"

குற்ற ஆவணப்படம் ஓடும் வீட்டில், நாகர்கோவிலிலும் சரி, முதலில் வருவது இந்தப் பேச்சுதான். வாக்குமூலத்தில் உள்ள விவரத்தை முதலில் சொன்னது யார், கைதானவரா, அதிகாரியா? பார்க்க வேண்டியது அதைத்தான். மணிக்கணக்கான விசாரணையில் கடைசிப் பகுதியை மட்டும் காட்டினால் இது பிடிபடாது. 1989இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவில் ஒரு பெண் தாக்கப்பட்ட வழக்கில் சிறுவர்களின் வாக்குமூலங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டன; டிஎன்ஏ அவர்களில் எவருக்கும் பொருந்தவில்லை. ஆனாலும் தண்டனை. ரத்தானது 2002இல், வேறு குற்றங்களுக்காக ஏற்கெனவே சிறையில் இருந்த உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டு, டிஎன்ஏவும் அவருக்குப் பொருந்திய பிறகு.

நம் சட்டத்தில் போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது (பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 23). ஆனால் ஒரு சந்து உண்டு. குலசேகரத்தில் ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி பிடிபட்டதாக வையுங்கள். "கத்தியைக் குளத்தில் போட்டேன்" என்று அவர் சொல்லி, கத்தியும் கிடைத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். கத்தி இருக்கும் இடம் போலீசுக்கு முன்பே தெரிந்திருந்தால் அது கண்டுபிடிப்பே அல்ல. பொருளைக் கைப்பற்றியதைப் பதியும் மகஜரில் நேரத்தையும் சாட்சிகளையும் வக்கீல்கள் துருவுவது இதனால்தான். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) போலீஸ் அல்ல என்பதால் இந்தத் தடை அவரிடம் சொன்னதற்கு இல்லை; ஆனால் அவரிடம் தானாகப் போய் ஒப்புக்கொண்டார் என்ற கதை வந்தால் எனக்கு உடனே சந்தேகம் தட்டும். முன்பின் தெரியாதவரிடம் எவன் மனம் திறப்பான்?

மாஜிஸ்திரேட் முன் என்றால் குற்றவியல் நடைமுறைக்கான சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 183: ஒப்புக்கொள்ளக் கட்டாயமில்லை, சொன்னால் அது எதிராகத் திரும்பலாம் என்று முதலில் எச்சரிக்க வேண்டும். வாக்குமூலம் பதிவாகும் முன் "சொல்ல விருப்பமில்லை" என்றால் போலீஸ் காவலுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது.