இடப்பக்கம்

ஜூன் 4

இடது ஸ்பீக்கரில் வயலின் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கிறது. நேற்று நன்றாகத்தான் இருந்தது. உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர் போய்விட்டதோ?

ஜூன் 5

பெரியப்பா விட்டுப்போன எல்எஸ் 3/5ஏ ஸ்பீக்கர் ஜோடி. பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்கென்று வடிவமைத்த ஐந்து லிட்டர் பெட்டி. இனி டி27 ட்வீட்டருக்கு எங்கே போவேன்!

விடியற்காலை நான்கு மணிக்கு இரண்டின் ஒலியையும் மைக் வைத்து அளக்க உட்கார்ந்தேன். ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி, அரிசி டிரம்மின் மேல் முக்காலி வைத்து ஸ்பீக்கரை ஏற்றினேன். தரையிலிருந்து ஒரு மீட்டர். மைக்கும் அதே உயரம், இடைவெளியும் ஒரு மீட்டர். தரையில் பட்டு வரும் ஒலி 3.6 மில்லிவினாடி பிந்துகிறது. அது வருமுன் பதிவை வெட்டிவிட்டால் அறையின் குறுக்கீடு இல்லை. ஆனால் அவ்வளவு குறுகிய பதிவில் 280 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் நம்பக்கூடாது. அந்தப் பகுதிக்கு மைக்கைக் கீழ் ஒலிகளைத் தரும் ஊஃபரின் கூம்பிலிருந்து அரை சென்டிமீட்டரில் நிறுத்தித் தனியாக எடுத்தேன். நடுவில் காக்கை கத்தியது. மறுபடி முதலிலிருந்து.

வரைபடத்தில் இடது ஸ்பீக்கர் நீலக் கோடு, வலது சிவப்பு. 1200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இந்த ரகத்துக்கே உரிய மேடு இரண்டிலும் இருக்கிறது. மற்றபடி ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. எங்குமே அரை டெசிபலுக்கு மேல் வித்தியாசமில்லை.

மைக் பொய் சொல்கிறது.

ஜூன் 6

ஃபிரிட்ஜை மாட்ட மறந்து பால் திரிந்துவிட்டது. ஸ்பீக்கர்களை இடம் மாற்றினேன், ஒயர்களை மாற்றினேன். அப்போதும் இடப்பக்கம்தான் மங்கல்.

ஜூன் 7

அக்கா போன் செய்தாள். கிணற்றுக்குள்ளிருந்தா பேசுகிறாய் என்று கேட்டேன். போனை மறு காதுக்கு மாற்றியதும் கரையேறிவிட்டாள். அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஜூன் 8

ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மங்கல் வலது பெட்டிக்குப் போய்விட்டது. திரும்பினேன், இடதுக்கு வந்தது. ஐந்து முறை.

ஜூன் 9

காது டாக்டர் எடுத்த கேட்புத்திறன் வரைபடம். சிவப்பு வட்டம் வலக்காது, நீலப் பெருக்கல் குறி இடக்காது. நான் போட்ட அதே நிறங்கள். 1000 ஹெர்ட்ஸ் வரை சேர்ந்தே வருகின்றன, பிறகு நீலம் படியிறங்குகிறது. 4000 ஹெர்ட்ஸில் 55 டெசிபல். முதல் நாளே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஐந்து நாளாக என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நான் சொல்லவில்லை.

ஸ்டீராய்டு மாத்திரை. தூக்கமில்லை, அகோரப் பசி.

ஜூன் 12

4000 ஹெர்ட்ஸ், இடக்காது. ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 13

ஃபேனை நிறுத்திய பிறகும் ஏதோ ஓடுகிறது. எழுந்துபோய் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன். ஓடுகிறது. மைக்கை வைத்துப் பார்த்தேன். அதற்கு எதுவும் கேட்கவில்லை. இந்த முறை அதை நம்பினேன்.

ஜூன் 16

மறுபரிசோதனை 11.30க்கு. அக்கா கூட வருகிறாள். என் வலப்பக்கம் நடக்கச் சொல்ல வேண்டும்.